இரண்டாம் கியர் கைவிடுகிறது: பழைய புல்லட்டும் ரம்பொடை இறக்கமும்

லிந்துலைக்காரன் எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது 350 சி.சி. ரோயல் என்ஃபீல்ட் புல்லட். சிறீ எழுத்துத் தகடு போட்ட வண்டி. எங்கள் தோட்டத்தில் டிஸ்பென்சராக இருந்தவர் ஓய்வு பெற்றுக் கண்டிக்குப் போனபோது அப்பா வாங்கியது. அப்பாவுக்குப் பிறகு நான் ஓட்டுகிறேன். 2022 இல், எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் அளந்து வாங்கிய காலத்தில் அதைக் கொழுந்துச் சாக்கால் போர்த்தி மாட்டுக் கொட்டகையில் நிறுத்தினேன். போன வருடம்தான் திரும்ப வெளியே எடுத்தேன்.

எடுத்ததும் கியர்ப் பெட்டியில் ஒயில் கசிவு. ஒரு கராஜில் விட்டேன். கசிவு நின்றது. வேறு வினை பிடித்துக்கொண்டது. மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கினால், பத்துக்கு மூன்று முறை வண்டி நியூட்ரலுக்குப் போய்விடுகிறது.

ஏற்றத்தில் இது நடந்தால் எஞ்சின் அலறும், பின்னால் வரும் பஸ்காரர் ஹோர்ன் அடிப்பார், கொஞ்சம் மானம் போகும், அவ்வளவுதான். இறக்கத்தில் அப்படி இல்லை. போன சனிக்கிழமை புசல்லாவையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். நுவரெலியாவைத் தாண்டி, லபுக்கலையைக் கடந்து, ரம்பொடைப் பக்கம் இறங்கும்போது முன்னால் மரக்கறி லொறி. இரண்டுக்கு மாற்றலாம் என்று லீவரைத் தூக்கினேன், கிளச்சை விட்டேன், எஞ்சின் பிடிக்கவில்லை. வண்டி தன் பாட்டில் உருளத் தொடங்கியது. முன் பிரேக், பின் பிரேக், குலதெய்வம் என்று எல்லாவற்றையும் ஒன்றாக அழைத்தேன். லொறியின் பின்பலகையில் எழுதியிருந்த புத்தர் வாசகத்தை எழுத்தெழுத்தாக வாசிக்கும் தூரத்தில் வண்டி நின்றது. பிரேக் டிரம் கருகிய வாடை அக்கா வீடு வரைக்கும் கூடவே வந்தது.

கராஜில் கேட்டால், பெட்டியை இறக்கிப் பற்சக்கரம் எல்லாம் மாற்ற வேண்டும் என்கிறார்கள். சொன்ன தொகையை இங்கே எழுத மனம் வரவில்லை. உண்மையில் அவ்வளவு தேவையா?


கம்பளை ஸ்பனர் எழுதியது:

தேவைதான். இரண்டாம் கியர் நழுவினால் பல் தேய்ந்திருக்கிறது. அறுபது வருட வண்டிக்கு வேறு என்ன வரும்? இறக்குங்கள்.


பண்டாரவளைப் பெரியவர் எழுதியது:

கம்பளைத் தம்பி ஸ்பனரைக் கையில் எடுத்துக்கொண்டே மருந்துச் சீட்டு எழுதுகிறார். முதலில் நாடி பார்ப்போம்.

லிந்துலைத் தம்பி, ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

இரண்டாம் கியர் நழுவுவது மாற்றிய அந்த நொடியிலா, அல்லது இரண்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிறகா? லீவரைத் தூக்கி விட்டதும் அது தானாக நடுநிலைக்குத் திரும்புகிறதா, பாதியில் தொங்குகிறதா? இரண்டிலிருந்து மூன்றுக்கு, அதாவது கீழே மிதிக்கும்போது எப்படி இருக்கிறது? நின்ற இடத்தில் கிளச்சைப் பிடித்து முதல் கியர் போட்டால் வண்டி துள்ளுகிறதா? கசிவு பார்த்தவர்கள் எதைத் திறந்தார்கள்?

முதல் கேள்விதான் முக்கியம். பற்சக்கரங்களின் பக்கவாட்டில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் கட்டைப் பற்கள் இருக்கின்றன. அவற்றின் முனை உருண்டு தேய்ந்தாலோ, சக்கரத்தைத் தள்ளும் கவை வளைந்தாலோ, கியர் முதலில் விழும். பிறகு எஞ்சின் இழுக்கும்போதோ இறக்கத்தில் எஞ்சின் தடுக்கும்போதோ வெளியே துள்ளும். மாற்றிய நொடியிலேயே கியர் கிடைக்கவில்லை என்றால் அது விழவே இல்லை. விழாத கியருக்குத் தேய்ந்த பல்லைக் குற்றம் சொல்லக்கூடாது. வீட்டுக்குள் வராத மருமகள் பானையை உடைத்தாள் என்பது போல ஆகிவிடும்.


லிந்துலைக்காரன் எழுதியது:

ஐயா, நன்றி. இன்று தோட்டத்து ரோட்டில் பத்துப் பதினைந்து முறை ஏறி இறங்கிப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முடிவுசெய்திருப்பார்கள்.

நழுவுவது மாற்றும் நொடியில்தான். ஒரு முறை இரண்டாம் கியர் விழுந்துவிட்டால் இறக்கம் முடியும் வரை பாறை மாதிரி நிற்கிறது. லீவர் திரும்புகிறது. கீழே மிதிக்கும்போது, இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து நான்கு, இரண்டும் சரி. நின்ற இடத்தில் முதல் கியர் போட்டால் ஒரு சின்னத் துள்ளல் உண்டு. கராஜில் கியர் லீவர் பக்கத்து மூடியைத் திறந்திருக்கிறார்கள். கசியாமல் இருக்க மூடிக்கு அடியில் புதுக் கடதாசி, அதாவது காஸ்கெட், வைத்ததாகச் சொன்னார்கள்.


எம்டி தொண்ணூறு எழுதியது:

அண்ணன், என் ஹொண்டா எம்.டி. 90 இலும் இதே வருத்தம் வந்தது. யப்பானில் தபால் கொண்டு திரிந்து அலுத்து இங்கே வந்த சிவப்பு வண்டி. கியர் மாற்றினால் மடேர் என்று இடிக்கும். பெட்டியைத் தொடவே இல்லை. வலது பக்க மூடியில் பூட்டு நட்டும் நடுவில் திருகாணியும் இருக்கும். நட்டைத் தளர்த்தி, திருகாணியை வலமாக ஒரு சுற்று, பிறகு இடமாக மெல்லத் தடை தட்டும் வரை, அங்கிருந்து மறுபடி வலமாக எட்டில் ஒரு பங்கு சுற்று. திருகாணி அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்து பாருங்கள்.


பண்டாரவளைப் பெரியவர் எழுதியது:

தம்பி எம்.டி., நீங்கள் சொன்ன முறை உங்கள் வண்டிக்கு மிகச் சரி. அதில் கைக் கிளச் கிடையாது. கியர் மிதியை அழுத்தும்போதே கிளச்சும் சேர்ந்து விலகுகிறது. அந்த விலகலின் அளவைத்தான் நீங்கள் திருகினீர்கள். புல்லட்டில் அப்படி ஒரு திருகாணி இல்லை. தேடப் போனால் வேறு எதையாவது கழற்றிவிடுவார்.

ஆனாலும் கிளச் பற்றி நினைவூட்டியது நல்லது. முதல் கியரில் துள்ளல் என்றால் கிளச் முழுதாக விலகவில்லை. லிந்துலைத் தம்பி, வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் கேபிளைப் பாருங்கள். கை லீவர் ஓரத்தில் கேபிள் உறைக்கு ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர் தளர்வு போதும். அதற்கு மேல் தளர்ந்திருந்தால் கிளச் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டு இழுக்கும், கியர் எதுவும் மனமொப்பி விழாது. தளர்வே இல்லை என்றால் ஏற்றத்தில் கிளச் வழுக்கும். நம் மலையில் இரண்டுமே பாவம்.

இனி உங்கள் நோய். இந்த வண்டியின் பெட்டி அல்பியன் வகை, நான்கு கியர். வலது காலில் மாற்றுவது. மேலே தூக்கினால் ஒன்று, கீழே மிதிக்க இரண்டு, மூன்று, நான்கு. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நியூட்ரல். மூன்றிலிருந்து இரண்டுக்குத் தூக்கும்போது லீவர் அளவுக்கு மேல் நகர்ந்தால் இரண்டைத் தாண்டி நேரே அந்த நியூட்ரலில்தான் போய் விழும். உங்கள் கதை அதேதான். பல் தேயவில்லை. கால் எட்டு வைக்க வேண்டிய இடத்தில் எட்டரை வைக்கிறது.

அந்த எட்டின் அளவைத் தீர்மானிப்பது கியர் லீவர் மூடிக்குள் இருக்கும் ஒரு சின்னத் தகடு. அட்ஜஸ்டர் பிளேட் என்பார்கள். இரண்டு நட்டுகள் அதைப் பிடித்திருக்கும். துளைகள் நீள்வட்டமாக இருப்பதால் தகடு சற்று முன்னும் பின்னும் நகரும். லீவர் தூக்கும்போது உள்ளே ராச்செட்டின் நாக்கு ஒரு பல்லைக் கவ்வி அடுத்த கியருக்கு இழுக்கிறது. போதும் என்று அதை நிறுத்துவது இந்தத் தகட்டின் விளிம்பு. தகடு ஒரு பக்கம் தள்ளி உட்கார்ந்தால் மேலே அதிகமும் கீழே குறைவுமாகவோ, மாறியோ ஆகும். கடதாசி வைத்தவர் அந்த நட்டுகளையும் மூடியின் திருகாணி என்று நினைத்துத் தளர்த்தியிருப்பார்.

செய்முறை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நம் ஊரில் சம தரை கிடைக்காது, முன் சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுங்கள். எஞ்சின் ஓடக்கூடாது. கீழே பழைய தட்டு ஒன்று வையுங்கள், கிரீஸ் வடியும். கியர் லீவரையும் நியூட்ரல் போடும் சின்ன லீவரையும் கழற்றி மூடியை எடுங்கள். பிறகு கியர் லீவரை மட்டும் மறுபடி மாட்டுங்கள். பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இரண்டாம் கியருக்குக் கொண்டு வாருங்கள். சக்கரம் சுற்றாவிட்டால் பற்கள் நேர்படாது, நீங்கள் அடித்துத் தள்ள வேண்டி வரும். அடிக்கவே கூடாது.

இப்போது ஒரு விரலால் லீவரை மெல்ல மேலே தூக்குங்கள். நாக்கு பல்லைக் கவ்வும் இடத்தில் கையில் ஒரு தட்டல் தெரியும். அங்கே குறியிடுங்கள். அதேபோல் கீழே. லீவரின் நுனிக்குப் பக்கத்தில் ஓர் அட்டையை நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டால் வசதி. இரண்டு தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இல்லை என்றால் இரண்டு நட்டுகளையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, மரத்துண்டு வைத்துத் தகட்டை மயிரிழை தட்டுங்கள். எந்தப் பக்கம் என்று நான் சொல்லப் போவதில்லை. தட்டிப் பாருங்கள், அட்டை சொல்லும். இறுக்கி, மறுபடி அளந்து, மறுபடி தட்டி, பொறுமையாக ஒரு மாலை நேரத்தைக் கொடுங்கள். மூன்றாம் கியரிலும் அதே சோதனை.

ஒன்று சொல்ல மறந்தேன். இந்த நட்டுகள் பழைய பிரித்தானிய அளவு. மில்லிமீற்றர் ஸ்பனர் போட்டால் மூலை உருளும். உருண்ட பிறகு என்னைத் திட்டாதீர்கள்.


பாண்டம் மகள் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் பதுளையில் ஆசிரியை. அப்பாவின் பி.எஸ்.ஏ. பாண்டம் ஒன்று வைத்திருக்கிறேன், மூன்று கியர் வண்டி. அண்ணா, நீங்கள் காலில் என்ன போட்டுக்கொண்டு ஓட்டுகிறீர்கள்?

சிரிக்க வேண்டாம். மழை மாதங்களில் நான் கம்பூட்ஸ் போட்டு ஓட்டுவேன். அதன் மூக்கு தடிப்பானது. லீவருக்கு அடியில் மூக்கு நுழையாமல் பாதிதான் போகும், தூக்கினால் கியர் பாதியில் நிற்கும். கியர் லீவர் உட்காரும் தண்டில் பற்கள் வெட்டியிருக்கும். கழற்றி ஒரு பல் மேலே வைத்து மாட்டினேன். பாதித் தொல்லை அன்றே போனது. கராஜில் லீவரைக் கழற்றியிருந்தால், பழைய இடத்தில்தான் மாட்டினார்களா என்று பாருங்கள்.


கம்பளை ஸ்பனர் எழுதியது:

கம்பூட்ஸ், அட்டை, பென்சில். கியர்ப் பெட்டி பழுது பார்க்கப் பள்ளிக்கூடப் பை தேவைப்படும் போல.


பாண்டம் மகள் எழுதியது:

பையும் இருக்கிறது, பிரம்பும் இருக்கிறது ஸ்பனர் அண்ணா.


லிந்துலைக்காரன் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை. காலையில் மழை இல்லை. செய்துவிட்டேன். முடிவு நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை, அதனால் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

கிளச் கேபிளில் ஒரு விரல் தடிப்பு அளவுக்குத் தளர்வு இருந்தது. சரிசெய்தேன். துள்ளல் நின்றது. நியூட்ரலும் லேசாகக் கிடைக்கிறது. இது மட்டுமே எனக்குப் பெரிய லாபம்.

தங்கை சொன்னதும் உண்மை. லீவர் ஒரு பல் கீழே இறங்கி இருந்தது. பழைய இடம் தண்டில் துரு இல்லாத வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அங்கே மாட்டினேன்.

மூடியைத் திறந்தால் உள்ளே மஞ்சள் கிரீஸ், அல்வா மாதிரி. சக்கரத்துக்குப் போடும் கெட்டி கிரீஸை அள்ளி அப்பியிருக்கிறார்கள். கசிவு நின்ற மர்மம் துலங்கியது. மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு துடைக்க ஒரு மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் தகடு கண்ணில் பட்டது. இவ்வளவு சின்னதா என்று இருந்தது. இதற்காகவா குலதெய்வத்தைக் கூப்பிட்டேன்?

அட்டை வைத்து அளந்தேன். லீவர் நுனியில், நாக்கு கவ்வும் இடம் மேலே 19 மில்லிமீற்றர், கீழே 12. நட்டுகளைத் தளர்த்தித் தட்டினேன். ஆறாவது முறையில் 16க்கும் 15க்கும் வந்தது. இறுக்கி, மூடி போட்டு, ரோட்டில் எடுத்தேன்.

மூன்றிலிருந்து இரண்டு முன்பைவிட நல்லது, பத்துக்கு ஒரு முறைதான் தவறுகிறது. ஆனால் இதுவரை வராத ஒன்று வந்திருக்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மிதித்தால் சில நேரம் மூன்றைத் தாண்டி எதிலும் இல்லாமல் நிற்கிறது. மேலே இருந்த நோயில் பாதியைக் கீழே இறக்கி வைத்துவிட்டேனா?


பண்டாரவளைப் பெரியவர் எழுதியது:

ஆமாம், சரியாக அதைத்தான் செய்திருக்கிறீர்கள். தப்பு என்னுடையது. கீழே எல்லாம் ஒழுங்கு, மேலே மட்டும் அதிகம் என்று நீங்கள் முதலிலேயே எழுதினீர்கள். தகடு வெறுமனே நகர்ந்திருந்தால் மேலே கூடிய அளவு கீழே குறைந்திருக்க வேண்டும், இரண்டிலிருந்து மூன்று அரைகுறையாக விழுந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. அதாவது மொத்த நகர்வே கூடியிருக்கிறது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வயது.

தகட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ராச்செட் வளையத்தில் நிற்கும் முளைகள் தகட்டின் விளிம்பில் வந்து இடிக்கும் இடங்கள் இரண்டு. அங்கே அரம் பட்ட கீறல் இருக்கிறதா? புதுப் பாகம் போடும்போது கியர் முழுதாக விழாமல் போனால் அந்த இடத்தை இம்மியளவு அராவி நகர்வைக் கூட்டலாம் என்று பழைய கையேட்டிலேயே இருக்கிறது. கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. கூடிப்போனால் வேறு தகடு போடு என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கும். முதல் வரியை மட்டும் வாசித்துவிட்டு அரத்தை எடுக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.


லிந்துலைக்காரன் எழுதியது:

கீறல் இருக்கிறது ஐயா. ஒரு பக்கம் மட்டும், மேலே தூக்கும் பக்கம். குறுக்குக் குறுக்காக நான்கைந்து கோடு, உலோகம் இன்னும் பளபளப்பாக. விரல் நகத்தை வைத்தால் படி தட்டுகிறது. மறுபக்கம் பழுப்பேறிப் பழைய நிறத்தில் இருக்கிறது. அண்மையில் செய்த வேலை.

இப்போது விளங்குகிறது. லீவரை ஒரு பல் கீழே மாட்டியதால் கால் முழுதாகத் தூக்க முடியாமல் இரண்டு விழவில்லை. லீவரைப் பார்க்காமல் தகட்டை அராவியிருக்கிறார்கள்.


கம்பளை ஸ்பனர் எழுதியது:

சரி, பற்சக்கரம் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். பிரம்பைக் கீழே வையுங்கள் டீச்சர்.

ஆனால் இனிமேல் என் வேலை. தகட்டைக் கம்பளைக்கு அனுப்புங்கள். அராவிய இடத்தில் ஒரு சொட்டு வெல்டிங் வைத்து, ஆறவிட்டு, அளவுக்கு அராவித் தருகிறேன். 1970க்கும் 77க்கும் இடையில் இறக்குமதி எல்லாம் முடங்கிக் கிடந்த காலத்தில் எங்கள் அப்பா கராஜ் நடத்தியதே இப்படித்தான். புதுச் சாமான் என்ற சொல்லே அப்போது கிடையாது. பிஸ்டன் வளையம் முதல் பிரேக் ஷூ வரைக்கும் எல்லாம் கையால் பிறந்தவை. அந்த வண்டிகள் இன்றும் ஓடுகின்றன.


பண்டாரவளைப் பெரியவர் எழுதியது:

உங்கள் அப்பாவின் கைக்கு நான் தலை வணங்குகிறேன். அந்தக் காலத்தில் நானும் லொறி ஸ்பிரிங் இலையில் பிரேக் லீவர் வெட்டியவன்தான். ஆனால் இது மெல்லிய தகடு. சூடு பட்டால் வளையும். வளைந்த தகடு முளையின் முழு முகத்திலும் இடிக்காமல் ஓரத்தில் இடிக்கும். இன்றைக்குச் சரியாக இருக்கும், ஆறு மாதத்தில் ஓரம் நசுங்கி, மறுபடி ரம்பொடை வளைவு, மறுபடி லொறி. வேறு வழியே இல்லை என்றால் வெல்டிங். பாகம் கிடைக்கும் என்றால் பாகம்.


எம்டி தொண்ணூறு எழுதியது:

கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் தேடினீர்களா? கப்பல் என்ஜின் கேட்டாலும் இரண்டு சந்து தள்ளிக் காட்டுவார்கள்.


லிந்துலைக்காரன் எழுதியது:

மச்சான் கொழும்பில்தான் வேலை. படம் அனுப்பி, சனிக்கிழமை முழுக்கப் பஞ்சிகாவத்தையில் சுற்ற வைத்தேன். யப்பான் வண்டிச் சாமான் மலையாகக் கிடக்கிறதாம். புல்லட் கியர் லீவர் கிடைத்தது, கிக்கர் கிடைத்தது, தகடு கிடைக்கவில்லை. ஒரு கடைக்காரர் முழுப் பெட்டியாகத் தருகிறேன் என்றாராம். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

வேறொரு வழி தோன்றுகிறது. பெரியப்பா குடும்பம் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனது. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்கள் இப்போது நீலகிரியில், கூடலூரில் இருக்கிறார்கள். அங்கேயும் தேயிலைதான். பெரியப்பா மகன் புல்லட் வைத்திருக்கிறான். 1955 முதல் சென்னைப் பக்கத்தில் செய்த வண்டி, இந்தத் தகடு இல்லாமலா போகும்? கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் என் வண்டி இங்கிலாந்து ரெட்டிச் வண்டியா, சென்னை வண்டியா என்று எனக்கே தெரியாது. டிஸ்பென்சர் ஐயா இங்கிலாந்து என்று சத்தியம் செய்வாராம். அப்பா அதை நம்பியதில்லை. தகடு பொருந்துமா ஐயா?


பண்டாரவளைப் பெரியவர் எழுதியது:

இரண்டும் ஒரே தாய் பிள்ளைகள். அல்பியன் பெட்டியின் வடிவம் ரெட்டிச்சிலிருந்து சென்னைக்கு அப்படியே போனது. நம்பி வரவழையுங்கள். ஐந்து கியர்ப் பெட்டிக்கு உரியது வேண்டாம், நான்கு கியருக்கு உரியது என்று அழுத்திச் சொல்லுங்கள். உங்கள் தகட்டை வெள்ளைத் தாளில் வைத்துப் பென்சிலால் ஓரம் வரைந்து, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். மாட்டுவதற்கு முன் இரண்டு துளைகளின் இடைவெளியை ஒப்பிடுங்கள்.

வரும் வரைக்கும் வண்டியை நிறுத்தி வைக்கச் சொன்னால் கேட்க மாட்டீர்கள். ஆகவே ஒன்று செய்யுங்கள். மூன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது லீவரை அறைந்து தூக்காதீர்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே, சம தரையில், வேகம் குறைந்த பிறகு இரண்டைப் போட்டுவிடுங்கள். பிடித்ததை உறுதி செய்துகொண்டு இறங்குங்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்கு என்று பழைய லொறி ஓட்டுநர்கள் சொல்வதில் பாதி உயிர் இருக்கிறது.


ஹப்புத்தளைக் காற்று எழுதியது:

அந்த அல்வா கிரீஸைத் துடைத்த பிறகு உள்ளே என்ன ஊற்றினீர்கள்? என் புல்லட்டில் சுத்தமான 90 கியர் ஒயில் ஊற்றினேன். மூன்று நாளில் பாதி தரையில். கிரீஸ் போட்டால் காலையில் கியர் விழ மறுக்கிறது.


பண்டாரவளைப் பெரியவர் எழுதியது:

கிரீஸா ஒயிலா என்பது சைவமா வைணவமா மாதிரி. என் பெட்டியில் மெல்லிய கிரீஸும் 90 ஒயிலும் கலந்து, தேன் பதத்தில் போடுகிறேன். கெட்டி கிரீஸ் கூடாது. பற்கள் ஒரு முறை அதைப் பக்கவாட்டில் ஒதுக்கித் தள்ளினால் அது திரும்பி வந்து விழாது. அல்வாவில் கத்தி போன பாதை மாதிரி பள்ளம் நிற்கும், பற்கள் காய்ந்து ஓடும். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி பிடிக்கும் விடியற்காலையில் அது இன்னும் இறுகும். ராச்செட் நாக்கு சோம்பலாகத் திரும்பும், அடுத்த கியருக்குக் கவ்வாது. கசிவு பிடிக்கவில்லை என்றால் வண்டிக்கு அடியில் தகரம் வையுங்கள். பெட்டிக்குள் அல்வா வைக்காதீர்கள்.


லிந்துலைக்காரன் எழுதியது:

ஐந்து வாரத்துக்குப் பிறகு வருகிறேன். தகடு வந்துவிட்டது.

கூடலூரிலிருந்து பெரியப்பா மகன் வாங்கிக் கொடுத்ததை, பழனிக்குப் போய்த் திரும்பிய எங்கள் தோட்டத்துக் கோயில் தலைவர் கொண்டுவந்தார். பஞ்சாமிர்த டப்பாவுக்கும் விபூதிப் பொட்டலத்துக்கும் நடுவில், செய்தித்தாளில் சுற்றி. விமான நிலையத்தில் பையைத் திறந்தவர்கள் இது என்ன என்று கேட்டார்களாம். "சாமி சாமான்" என்று சொல்லிவிட்டாராம். விபூதி பட்ட கையாலேயே பிரித்தேன்.

பழைய தகட்டின் மேல் புதியதை வைத்துப் பார்த்தேன். துளைகள் நேருக்கு நேர் நின்றன. அராவிய ஓரத்தில் மட்டும் புதியது வெளியே தெரிந்தது. ஒரு மில்லிமீற்றர்கூட இருக்காது. ஒரு தபால் அட்டையை இரண்டாக மடித்த தடிப்பு. அவ்வளவுக்குத்தான் முழுப் பெட்டியையும் இறக்கச் சொன்னார்கள்.

மாட்டி, அட்டையும் பென்சிலும் வைத்து, நான்காவது தட்டலில் மேலே 13, கீழே 13. மூன்றாம் கியரிலும் அதே. திருப்பி இழுக்கும் ஸ்பிரிங்குகளையும் பார்த்தேன், நன்றாக இருக்கின்றன. கலவை தேன் பதத்தில் போட்டேன்.

நேற்று புசல்லாவைக்குப் போய் வந்தேன். லபுக்கலையில் நிறுத்தி ஒரு பிளேன்டீ குடித்தேன், பயத்தால் என்றே சொல்லலாம். ரம்பொடை இறக்கத்தில் நான்கு, மூன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இறங்கினேன். இரண்டு விழும்போது "டக்" என்று ஒரு சின்னச் சத்தம், உள்ளங்காலில் தெரிந்தது. எஞ்சின் முனகிக்கொண்டு வண்டியைப் பிடித்தது. அதே வளைவில் இந்த முறையும் ஒரு மரக்கறி லொறி. லீக்ஸ் ஏற்றியது. அதன் பின்னால் அதன் வேகத்திலேயே, பிரேக்கைத் தொடாமல், வாடையை முகர்ந்துகொண்டு கீழே போனேன். திரும்பி வந்தது உட்பட எத்தனை முறை மாற்றினேன் என்று கணக்கு இல்லை. ஒரு முறைகூடத் தவறவில்லை.

கிளச்சைப் பிடிப்பதற்குச் சற்று முன்னால் காலால் லீவரை மெல்ல அணைத்துக்கொண்டால் இன்னும் இலகுவாக விழுகிறது. இது அப்பாவின் பழக்கம். பின்னால் உட்கார்ந்து போன நாட்களில் பார்த்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை.


கம்பளை ஸ்பனர் எழுதியது:

பழைய தகட்டை எறிந்துவிடாதீர்கள். எனக்கு அனுப்புங்கள். வெல்டிங் வைத்து, வளையாமல் கொண்டுவந்து காட்டுகிறேன். பெரியவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.


பண்டாரவளைப் பெரியவர் எழுதியது:

அனுப்புங்கள் தம்பி. கண்ணாடி மேல் வைத்துப் பார்த்து ஆடாமல் இருந்தால் நானே கம்பளைக்கு வந்து பிளேன்டீ வாங்கித் தருகிறேன். கசிவு எப்படி?


லிந்துலைக்காரன் எழுதியது:

தொடங்கிவிட்டது ஐயா. இரவுக்கு மூன்று சொட்டு. தேயிலைத் தகரம் அடியில் இருக்கிறது.


பண்டாரவளைப் பெரியவர் எழுதியது:

மூடியின் திருகாணிகளை எப்படி இறுக்கினீர்கள்? எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகவா, சுற்றி வரிசையாகவா?


லிந்துலைக்காரன் எழுதியது:

வரிசையாக. நாளைக் காலை மறுபடி திறக்கிறேன்.